நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டால் தையல்காரம்மாவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஊரிலுள்ள பிள்ளைகள் சீருடையைக் கழற்றி மூலையில் வீசுகிற அதே வாரத்தில் அடுத்த வருஷத்துச் சீருடைத் துணி கட்டுக்கட்டாக அவள் கடையில் வந்து இறங்கிவிடும். காலர் வெட்டுவது, பைக்குப் பட்டி வைப்பது, வளர்கிற பிள்ளைக்குப் பிரித்துவிட வசதியாகக் கால்சட்டையில் இரண்டு விரல் துணி உள்ளே மடிப்பது என்று காலையில் மிதிக்கத் தொடங்கிய கால் பொழுது சாய்ந்த பிறகுதான் நிற்கும். தோளுக்கும் கைக்கும் எப்போதும் இரட்டைத் தையல் போடுவாள். அவள் போட்ட தையல் பிரிந்துவிட்டது என்று யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். வெயில் காலம் அவருக்கும் வேலைக்காலம்தான். கரண்ட் போய்ப் போய் வரும். ஊரில் பாதி லிப்ட் அங்கங்கே நின்றுகொள்ளும். காலையில் ரொட்டியும் அவித்த முட்டையும் டப்பாவில் போட்டுக்கொண்டு பையைத் தோளில் மாட்டினால், கருப்பு மசகு பூசிய கையோடு எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

ஆக, ஒன்பது மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள வீட்டில், பகல் முழுவதும் தனியாக இருந்தது அவர்களுடைய ஒரே மகள். வயது பதினைந்து. வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பதால் கட்டடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர்.

முதல் வாரம் பட்டாசு தூங்கினாள். தூங்கித் தூங்கி முகம் வீங்கியது. அப்புறம் போனைப் பார்த்தாள். அடுத்தவர்கள் மலைக்கும் கடலுக்கும் போனதைப் பார்த்து வயிறெரிந்தாள். மூன்றாவது வாரம் எதைப் பார்த்தாலும் ஏற்கெனவே பார்த்ததாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால் மணி என்பது ஒரு நாளில் எத்தனை தடவை வரும் என்று அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. கடைக்குப் போன் போடுவாள்.

"அம்மா, போர் அடிக்குது."

"வீட்டக் கூட்டு."

"கூட்டியாச்சு."

"துணிய மடிச்சு வை."

"மடிச்சாச்சு."

"அப்பப் படி."

"என்னத்தப் படிக்க? அடுத்த வருஷ புஸ்தகமே இன்னும் வரல."

"அப்பச் சும்மா இரு."

"சும்மாதானே இருக்கேன். அதனாலதானே போர் அடிக்குது."

"ஏய், இங்க எனக்குத் தலைக்கு மேல கெடக்குது. உனக்குப் பொழுது போகலன்னு என் பொழுத வாங்காத. வை போன."

தையல்காரம்மா கோபமாகச் சொல்லவில்லை. வாயில் ஊசி இருந்தது, எதிரே ஆள் நின்றது. ஆனால் அந்தப் பக்கம் கேட்டவளுக்குப் போனை வைத்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

பட்டாசுக்குத் துணை ஏழாம் மாடிக் குச்சி. ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியும் உயரமுமாக இருந்ததால் அந்தப் பெயர். அவள் அம்மா ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். காலையில் போனால் இரண்டு வேளைச் சாப்பாடு முடித்துவிட்டுத்தான் வருவாள். அப்பா வெளியூரில். குச்சி அதிகம் பேச மாட்டாள். பேசினால் அது பெரும்பாலும், "அடுத்து என்ன பண்ணலாம்?" என்பதாக இருக்கும்.

அந்தக் கேள்விதான் அவர்களை ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டது. முதலில் லிப்ட்டோடு பந்தயம் வைத்து மாடிப்படியில் ஓடினார்கள். எல்லா மாடிப் பொத்தானையும் அமுக்கிவிட்டு இறங்கி ஓடினார்கள். பிறகு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். வாட்ச்மேன் கீழிருந்து பார்த்துவிட்டு, வயசான காலத்தில் ஒன்பது மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்து கத்தினார்.

"ஏம்மா, உங்களுக்கு உசுரு வெல்லமா இல்லையா? விழுந்து தொலைச்சா என் வேலைதானே போகும்!"

அவர் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். அன்று சாயங்காலமே அதைத் தையல்காரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அவள் இரண்டு கையிலும் துணி மூட்டையோடு அரைக் கண் தூக்கத்தில் படியேறி வந்ததைப் பார்த்துவிட்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டார். நாளைக்கு மறந்துபோனது.

அடுத்தது லிப்ட்டின் தலை.

பட்டாசுக்கு ஏழெட்டு வயதாக இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் லிப்ட்காரர் அவளை வேலைக்குக் கூட்டிப்போவார். அவள் டார்ச் பிடிப்பாள். எந்தச் சக்கரம் எதை இழுக்கும், எந்தக் கதவு எப்போது திறக்கக் கூடாது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "லிப்ட்டோட ஜாதகமே எம் பொண்ணு கையில இருக்கு" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார் அவர். வீட்டு அலமாரியில் பழைய பையொன்றில் லிப்ட் கதவைத் திறக்கிற அவருடைய இன்னொரு சாவி கிடந்தது. அவர்கள் எப்படித் திறந்தார்கள், எப்படி ஏறினார்கள் என்பதைப் பின்னாளில் அவர் யாருக்கும் விவரித்ததில்லை. கேட்டவர்களிடம், "தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று பேச்சை வெட்டிவிடுவார்.

லிப்ட் பெட்டியின் மேல் இரண்டு பேர் குத்தவைக்கிற அளவுக்கு இடம். சுற்றிலும் கருப்பு. நடுவில் ஒரு சக்கரம், அதில் ஓடுகிற மசகு மினுங்கும் இரும்புக் கயிறுகள். யாரோ கீழே பொத்தானை அமுக்கினால் காலடியில் ஒரு குலுக்கல், பிறகு ஒவ்வொரு மாடிக் கதவிடுக்கு வெளிச்சமும் ஒரு கோடாக முகத்துக்கு முன்னால் இறங்கிப் போகும். உள்ளே இருப்பவர்கள் பேசுவது கேட்கும். ஊருக்கெல்லாம் பாலிசி விற்கிற ஆறாம் மாடி இன்ஷூரன்ஸ் அம்மா போனில் யாரையோ திட்டுவது, புதுசாகக் கல்யாணமானவர்கள் கிசுகிசுப்பது. அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இறங்கி வந்து மணி பார்த்தால் நாலரை ஆகியிருந்தது. மூன்று வாரமாக நகராத கடிகாரம் அன்றைக்கு ஓடியிருந்தது.

நாலு நாள் அப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் மேலே ஏறியதும் குச்சி சொன்னாள்: "சும்மா உக்காந்து உக்காந்து இதுவும் போர்டி. நின்னுட்டு வீடியோ எடுப்போம்."

பட்டாசுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மேலே ஏறினால் நிற்கக் கூடாது, தொங்குகிற துணி உடம்பில் இருக்கக் கூடாது என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். குச்சி இடுப்பில் ஒரு முழுக்கைச் சட்டையைக் கட்டியிருந்தாள். அப்போது அதுதான் பிள்ளைகளிடம் ஸ்டைல். 'அதக் கழட்டுடி' என்று சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பாளே என்று பட்டாசு சொல்லாமல் விட்டாள்.

கீழே யாரோ ஏறினார்கள். லிப்ட் கிளம்பியது. குச்சி எழுந்து போனைத் தூக்கிப் பிடித்து, மேலே ஓடும் வெளிச்சக் கோடுகளைப் படமெடுக்கச் சாய்ந்தாள். மூன்றாம் மாடி தாண்டியது. நாலாம் மாடி. இடுப்புச் சட்டையின் கை, கயிறு ஓடுகிற சக்கரத்தின் பக்கம் போய், ஒரு இழுப்பில் உள்ளே நுழைந்தது.

குச்சி கத்தவில்லை. "ஹ" என்று ஒரு மூச்சுத்தான் வந்தது. போன் கையிலிருந்து எகிறி எங்கெங்கோ இடித்துக்கொண்டு அடியில் போய் விழுந்தது. பட்டாசின் கை யோசிக்காமல் போய், பெட்டியின் மேல் லிப்ட்டை நிறுத்துவதற்கென்று இருந்த சிவப்புப் பொத்தானை அடித்தது. லிப்ட் ஒரு உலுக்கலோடு நின்றது.

குச்சி சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்தாள். இடுப்பு முடிச்சு இழுபட்டுக் கல் மாதிரி இறுகிவிட்டது. சக்கரத்துக்கும் அவள் விலாவுக்கும் நடுவே உள்ளங்கை அளவு இடம் இருந்தது. பட்டாசு முடிச்சை நகத்தால் நோண்டினாள். பல்லால் கடித்தாள். தோள் தையலைப் பிய்க்கப் பார்த்தாள். பிய்யவில்லை. போன மாதம்தான் குச்சியின் அம்மா அந்தச் சட்டையைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தாள். தைத்தது பட்டாசின் அம்மா.

"வலிக்குதாடி?"

"இல்ல. அசைய முடியல."

"அசையாத. அழாத."

"நீதான்டி அழுவுற."

அப்போது காலுக்குக் கீழே இருந்து ஒரு குரல் எழுந்தது. "அட எழவே! நின்னுடுச்சா?"

இன்ஷூரன்ஸ் அம்மா. கடையிலிருந்து முப்பது முட்டை அடுக்கிய அட்டையோடு வந்துகொண்டிருந்தாள். முட்டையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள். "நின்னுடுச்சுய்யா உன் லிப்ட்டு! இரண்டாம் மாடிக்காரருக்குப் போன் போடு. எலி வேற ஓடுது மேல, கரமுரன்னு."

எலிகள் இரண்டும் மூச்சை அடக்கிக்கொண்டன. அப்பாவுக்குத்தான் போன் போகிறது என்பது பட்டாசுக்குப் புரிந்தது. குச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கீழே இன்ஷூரன்ஸ் அம்மா தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள். வெக்கையில் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக் கண் எரிந்தது.

லிப்ட்காரர் நாலு தெரு தள்ளி ஒரு துணிக்கடையில் இருந்தார். வந்து சேர அரை மணிக்கு மேல் ஆயிற்று. வாட்ச்மேனிடம், "உள்ள யாரு?" என்றார்.

"ஆறாம் மாடி அம்மா. திட்டிக்கிட்டே இருக்காங்க. அதனால நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்."

லிப்ட்காரர் சிரித்துக்கொண்டே மொட்டை மாடிச் சாவியை வாங்கிப் படியேறினார். மொட்டை மாடியில் இயந்திர அறை. கரண்டை வெட்டினார். நடுவில் நின்ற பெட்டியை மாடி மட்டத்துக்குக் கொண்டுவர, பிரேக்கைக் கையால் தளர்த்திப் பெரிய சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இந்த இருபது வருஷத்தில் எத்தனை தடவை செய்தாரோ, கணக்கே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். திருப்புவதற்கு முன், கயிறு இறங்குகிற ஓட்டையருகில் மண்டியிட்டு மூன்று தடவை குரல் கொடுப்பார். எந்த ஊரிலோ யாருக்கோ நடந்ததைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து இப்படி. கூட வேலை செய்கிறவர்கள், "அண்ணன் பேயோட பேசிட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பாரு" என்று கிண்டல் செய்வார்கள்.

"சக்கரத்தத் திருப்பப் போறேன்! யாராச்சும் இருக்கீங்களா?"

"ஏன், நான் ஒருத்தி இருக்கேன்ல? தெரியலையா?" என்று கீழிருந்து இன்ஷூரன்ஸ் அம்மா கத்தினாள். "முப்பது முட்டையோட நிக்கிறேன்! சீக்கிரம் தூக்குய்யா!"

"உங்களச் சொல்லலம்மா. பெட்டிக்கு மேல, அடியில, யாராச்சும் இருக்கீங்களா?"

"மேல எலிதான் இருக்கு!"

பட்டாசு வாயைத் திறந்தாள். மறுபடியும் மூடிக்கொண்டாள். அப்பாவின் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டது. அந்தக் குரலுக்கு இப்போது பதில் சொன்னால் அப்புறம் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். குச்சி அவள் கையை எலும்பு நோகப் பிடித்தாள். சொல்லு என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, தெரியவில்லை.

"கடைசித் தடவ கேக்குறேன். திருப்பட்டுமா?"

இரும்பில் இரும்பு உரசும் சத்தம் மேலே கேட்டது. பிரேக் நெம்புகோலை அவர் எடுக்கிறார்.

"அப்பா!" என்றாள் பட்டாசு. "திருப்பாதீங்கப்பா. நான்தான். நாங்கதான் மேல இருக்கோம்."

மேலே இரும்புச் சத்தம் நின்றது.

தன் மண்டைக்குள்தான் யாரோ பேசுகிறார்கள் என்று முதலில் நினைத்ததாக லிப்ட்காரர் பின்னால் சொன்னார். நெம்புகோலை மெல்லக் கீழே வைத்தார். வைத்த பிறகும் கை அதைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தது.

"கண்ணு," என்றார் ஓட்டைக்குள். "எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. குச்சியோட சட்டை சக்கரத்துல மாட்டியிருக்கு."

"உடம்பு மாட்டலையே?"

"இல்ல."

"ரத்தம்?"

"இல்லப்பா."

"சிவப்புப் பொத்தான அமுக்குனியா?"

"அமுக்கிட்டேன்."

"நல்லது. அதத் தொடாத. ரெண்டு பேரும் அசையாதீங்க. நான் வரேன்." பிறகு குரலை உயர்த்தி, "அம்மா, நீங்களும் உள்ள அசையாதீங்க. காலக்கூட மாத்தி வைக்க வேணாம்" என்றார்.

"சரி தம்பி" என்றாள் இன்ஷூரன்ஸ் அம்மா. அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. முப்பது முட்டையோடு சிலை மாதிரி நின்றாள்.

லிப்ட்காரர் இயந்திர அறையைப் பூட்டினார். வேறு யாரும் உள்ளே நுழைந்து எதையாவது தொட்டுவிட்டால்? பூட்டைச் சந்தேகத்தோடு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார். ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். இடுப்பளவு கீழே, மசகும் கண்ணீருமாக இரண்டு முகங்கள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கின.

அவர் திட்டவில்லை. பதறவும் இல்லை. வேலை நேரத்துக் குரலிலேயே பேசினார். "தல இடிக்காம இருங்க. நான் இறங்குறேன்." இறங்கினார். டார்ச்சை மகளிடம் கொடுத்தார். அவள் எங்கே அடிக்க வேண்டுமோ அங்கே அடித்தாள். பைக்குள்ளிருந்து கத்தியை எடுத்து, குச்சியின் வயிற்றுக்கும் முடிச்சுக்கும் நடுவே தன் இடது கையைச் செருகிக்கொண்டு, தன் கைமேல் வைத்துத் துணியை அறுத்தார்.

"மாமா, உங்க கையில பட்டுடும்" என்றாள் குச்சி.

"பட்டா என் கைதானே. மூச்ச உள்ள இழு."

துணி விட்டது. குச்சியைத் தூக்கி மேலே வராந்தாவில் உட்கார வைத்தார். பிறகு மகளை. பிறகு சக்கரத்தில் மாட்டியிருந்த துணியைத் துண்டு விடாமல் எடுத்தார், சுற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தார், ஏறினார், கதவைச் சாத்தினார். திரும்ப மேலே போனார். மறுபடியும் மூன்று தடவை குரல் கொடுத்தார். பெட்டியை ஐந்தாம் மாடிக்குக் கொண்டுவந்து இன்ஷூரன்ஸ் அம்மாவை வெளியே விட்டார். ஒரு முட்டைகூட உடைந்திருக்கவில்லை. அவள் வராந்தாவில் சுவரோடு சாய்ந்திருந்த பெண்கள் இருவரையும் பார்த்தாள்.

"நான் எலின்னு நெனச்சேன்டி, பாவிகளா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறிப் போனாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் லிப்ட்காரர் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்தார். பாதி சட்டையில் கொட்டியது.

தையல்காரம்மாவிடம் போனில் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. நடந்தே கடைக்குப் போனார். பகலில் அவர் அங்கே வந்து நின்றதுமே அவள் மிஷினை நிறுத்திவிட்டாள்.

"யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"நல்லா இருந்தா நீ ஏன் இங்க வர்ற? பாப்பாவுக்கா?"

சொன்னார். முழுவதையும் சொன்னார். அவள் எழுந்து கடையின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு மூடினாள். முழுசும் மூடிவிட்டு உள்ளேயே நின்று அழுதாள். பிறகு வெளியே வந்தபோது கோபமாக வந்தாள்.

"சின்னப் பிள்ளைய லிப்ட்டு லிப்ட்டுன்னு கூட்டிட்டுத் திரிஞ்சது யாரு? ஜாதகமே தெரியும்னு பெருமை பேசுனது யாரு?"

"நான்தான்."

"சாவிய அலமாரியில போட்டு வச்சது யாரு?"

"நான்தான்னு சொல்றேன்ல."

எதிர்வாதம் வராததால் அவள் கோபத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போனது. கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"ரெண்டு தையல் போட்டேனே அந்தச் சட்டைக்கு" என்றாள். "ஒரு தையலோட விட்டிருந்தா கிழிஞ்சு வந்திருக்கும்."

"கிழிஞ்சிருந்தா அவ பின்னால தடுமாறி விழுந்திருப்பா. ஐம்பது அடி. சும்மா இரு."

அவள் நின்றுவிட்டாள். தெருவென்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கத்தி கீறிய இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"தெனமும் போன் பண்ணுவா," என்றாள். "போர் அடிக்குதுன்னு. வை போனம்பேன்."

வீட்டில் பட்டாசு குளித்து, பாவம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குச்சி அவளை ஒட்டி. பெண்கள் இரண்டு பேரும் அடிக்குத் தயாராக இருந்தார்கள். தையல்காரம்மா நேராகப் போய்க் குச்சியின் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தாள். ஒரு சிவந்த வரி மட்டும் இருந்தது. அதில் எண்ணெய் தடவினாள். பிறகு மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஏன்டி? ஏன்?"

"தெரியலம்மா."

"தெரியாமயா அஞ்சு நாளு?"

"நேரமே போவலம்மா. அங்க நிக்கும்போதுதான் நேரம் ஓடுச்சு."

குச்சியின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எல்லாரும் ஏழாம் மாடிக்குப் போனார்கள். தப்பு தன் வீட்டுச் சாவியில்தான் ஆரம்பித்தது என்று லிப்ட்காரர் முதலிலேயே சொன்னார். அந்த அம்மாள் கேட்டு முடித்துவிட்டு, வேலை உடுப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைத்து எல்லாருக்கும் டீ போட்டாள். "ஒரு ஆளு மயக்கம் போட்டு விழற மாதிரி இருந்தா முதல்ல இனிப்பாக் குடிக்கக் குடுக்கணும்" என்று சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டாள். யார் மயக்கம் போட இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த டீயை வாயில் வைக்க முடியவில்லை. மிச்சம் வைக்காமல் குடித்தார்கள்.

மறுநாள் காலையில் லிப்ட்காரர் வேலைக்குக் கிளம்பவில்லை. மகளோடு அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். பாதி வெங்காயம் உரித்த பிறகு பட்டாசு பேசினாள்.

"அப்பா, நீங்க முத தடவ கூப்பிடும்போதே எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்."

"ரெண்டாவது தடவயும் கேட்டுச்சு. நான் பேசாம இருந்தேன்."

அவர் வெங்காயத்தை வைத்தார். "ஏன்?"

"நீங்க திட்டுவீங்கன்னு."

அவளுக்கு அந்த இரண்டு கூப்பாடும் இரவு முழுக்கக் காதில் விழுந்துகொண்டிருந்தது. அவருக்கு இப்போது விழுந்தது. சக்கரத்தில் அகப்பட்டுச் சாவதைவிடத் தன் திட்டு பெரிசாகத் தெரிந்திருக்கிறது பிள்ளைக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயம் வசதியாக இருந்தது.

"நான் அவ்வளவா திட்டுறேன்?"

"அவ்வளவு இல்ல," என்றாள் யோசித்து. "ஆனா ரொம்ப நேரம் திட்டுவீங்க."

"சரி. இனிமே சுருக்கமா திட்டுறேன்." அவர் சிரிக்காமல்தான் சொன்னார். "எந்த எடத்துல மாட்டுனாலும், என்ன தப்பு பண்ணியிருந்தாலும், நான் கூப்பிட்டா மொதல்ல குரல் குடு. திட்டெல்லாம் அப்புறம்."

"ம்."

"ம் இல்ல. வாயால சொல்லு."

"குரல் குடுக்குறேன்ப்பா."

அன்று மதியத்துக்கு மேல் தையல்காரம்மா கடையைத் திறந்துதான் ஆக வேண்டியிருந்தது. பெண்கள் இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். வேலை ஒன்றும் அவள் சொல்லவில்லை. அவர்களாகத் துணி மூட்டைமேல் ஏறிச் சாய்ந்துகொண்டு, எந்தப் பள்ளிச் சீருடை நிறம் கண்றாவி என்று சண்டை போட்டார்கள். குச்சி தூங்கிப்போனாள்.

நாலு மணிக்கு இன்ஷூரன்ஸ் அம்மா வந்தாள். தையல்காரம்மா சட்டென்று எழுந்து நின்றாள். நேற்று முக்கால் மணி நேரத்துக்கு மேல் லிப்ட்டுக்குள் அடைபட்டு நின்ற அம்மாளிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று காலையிலிருந்தே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"அக்கா, நேத்து எங்க பிள்ளைங்களால உங்களுக்கு..."

"அத விடு," என்றாள் இன்ஷூரன்ஸ் அம்மா. கைப்பையைத் திறந்தாள். "ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே வரல. படுத்தா இந்தப் பிள்ளைங்க மொகந்தான் வருது. எந்திரிச்சு உக்காந்து யோசிச்சேன். கடைசியில ஒரு முடிவுக்கு வந்துட்டேன்." நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வெட்டுப் பலகைமேல் விரித்து நீவினாள். "பொண்ணு பேர்ல ஒரு விபத்துப் பாலிசி எடுத்துடு. நான் சும்மா சொல்லல. நேர்ல பார்த்தவ சொல்றேன்."

தையல்காரம்மா தாளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பட்டாசு துணியால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள் குலுங்கியது. "யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல. ஆனா லீவு முடியறதுக்குள்ள சொல்லிடு" என்று அந்த அம்மாள் வெகு அக்கறையோடு சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. தையல்காரம்மா முக்காலியில் உட்கார்ந்து, மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பட்டாசு மூட்டையிலிருந்து சரிந்து கீழே வந்துவிட்டாள். சத்தத்தில் குச்சி எழுந்து, விஷயம் தெரியாமலே அவளும் சிரித்தாள். நிறுத்திவிட்டோம் என்று நிமிர்ந்தால் வெட்டுப் பலகையில் அந்தத் தாள் கிடந்தது. மறுபடியும் ஆரம்பித்தது. வயிறு வலித்துக் கண்ணில் நீர் வழிந்தது. அது சிரிப்பில் வந்ததுதானா என்று பார்க்க யாருக்கும் அவகாசம் இல்லை.

பிள்ளைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு தாய் வாசலில் நின்று இவர்களைப் பார்த்துத் தானும் லேசாகச் சிரித்தாள்.

"என்னக்கா, ஏதாவது நல்ல சேதியா?"

தையல்காரம்மா அளவு நாடாவைத் தேடி எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள். "பிள்ளைங்களுக்கு லீவு."